சாட்சியில்லாத நடை

உடம்பு இளைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு உடற்பயிற்சி செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில், அரை மணி நேரம். கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும். நடுவில் ஒரு நாள் விட்டுப் போனாலும் குடி முழுகிவிடாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவர். சொல்வதற்கு முன்னால் எழுந்து போய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார்.

"இதை நான் சொன்னதா வெளியில சொல்லிடாதீங்க. இளைக்கணும்னு சொல்றது மட்டும்தான் என் வேலை. எவ்வளவுன்னு சொல்ற அதிகாரம் ஆணையத்துக்குத்தான். அங்க போய் அளவு வாங்கிட்டு வந்தாத்தான் உங்களை வேலைக்குத் தகுதின்னு எழுத முடியும்."

"அதான் நீங்களே அளவைச் சொல்லிட்டீங்களே, டாக்டர்."

"நான் எங்கே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டே அவர் தாழைத் திறந்தார்.

பேருந்து நிலையத்தின் கடைசியில், கழிப்பறைக்கும் டயர் கிடங்குக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. காணாமல் போன பொருள்களின் காப்பகம். அதன் காப்பாளர் நான். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். ஒரு முறை பல்செட் வந்தது. அதன் சொந்தக்காரர் வந்து கேட்டது எனக்குப் புரிய வெகு நேரமாயிற்று. குடைகள்தான் அதிகம் என்பதால் நடத்துநர்கள் என்னைக் குடைக்காரர் என்பார்கள். காப்பகத்தில் ஒரு பழைய விதி உண்டு. பொருளைத் தொலைத்தவர் கேட்டுக்கொண்டால், காப்பாளர் அவரோடு தொலைத்த இடத்துக்கே போய், பொருள் கிடைக்கும்வரை தேட உதவ வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவார்கள், பொருளை வாங்குவார்கள், போய்விடுவார்கள். நான் உட்கார்ந்தபடியே இருப்பேன்.

எடை கூடியது அதனால் மட்டுமல்ல. என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில்தான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அவள் கட்டிலிலிருந்து அளவு சொல்வாள், நான் அடுப்பில் போடுவேன். அவள் சொன்னது இரண்டு பேருக்கான அளவு. அவள் போன பிறகும் என் கைக்கு அந்த ஒரு அளவுதான் தெரியும். ஒரு ஆளுக்குச் சமைத்துப் பார்த்த நாட்களில் ஒன்று உப்பு கரித்தது, இல்லாவிட்டால் அடி பிடித்தது. அதனால் இரண்டு பேருக்குச் சமைத்து, இரண்டு தட்டுகளில் வைத்து, முதலில் என் தட்டையும் பிறகு அவள் தட்டையும் சாப்பிட்டு முடிப்பேன். சாப்பாட்டை வீணாக்கினால் அவளுக்குக் கோபம் வரும். வெளியூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "அப்பா, சரியா சாப்பிடுறியா?" என்று கேட்பாள். "நல்லா சாப்பிடுறேம்மா" என்பேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

மருத்துவர் சொன்ன அந்த உடலசைவு நெறிப்படுத்தும் ஆணையம் ஒரு பெரிய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. படியேறிப் போகலாம் என்று நினைத்தேன். படிக்கட்டுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருந்தார்கள். 'பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி' என்று அதில் ஒரு பலகை தொங்கியது. லிப்டுக்காக நின்ற வரிசை தெருவரை நீண்டிருந்தது. வரிசையில் இருந்த எல்லோரும் என் சுற்றளவுக்குக் குறையாதவர்கள் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் ஏற முடிந்தது.

மேலே பெரிய கூடம். ஊழியர்கள் எல்லோரும் சக்கரம் வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக வேண்டுமானால் காலால் தரையை ஒரு உந்து உந்துவார்கள், நாற்காலி உருண்டு போகும். திருப்பத்தில் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தரையில் கோடு போட்டிருந்தது. எழுந்து நிற்கும் ஒருவரைக்கூட அந்தக் கூடத்தில் நான் பார்க்கவில்லை.

குறைந்தபட்ச அளவுப் பிரிவின் அதிகாரி என்னிடம் உருண்டு வந்தார்.

"சார், இளைக்கணும்னா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடக்கலாம்?"

"நாங்க கீழ் எல்லையை மட்டும்தான் பாக்கறோம். இதுக்குக் கீழ போனா அது உடற்பயிற்சி இல்ல, வெறும் நடமாட்டம்னு சொல்றது எங்க பொறுப்பு."

"அந்தக் கீழ் எல்லை எவ்வளவுங்க?"

"மேல் எல்லை தெரிஞ்சாத்தானே கீழ் எல்லையை வைக்க முடியும்? அந்தப் பக்கம் கேளுங்க" என்று அலமாரிக்குப் பின்னால் கை காட்டினார்.

அலமாரிக்குப் பின்னால் அதிகபட்ச அளவுப் பிரிவின் அதிகாரி இருந்தார். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகிவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடினா விழுந்துடுவான்ங்கறதுதான் எங்க ஆராய்ச்சி" என்றார் அவர். "இதுவரைக்கும் யாரும் கடைசி வரைக்கும் ஒத்துழைக்கல. பாதியிலேயே களைச்சுப் போயிடறாங்க."

"எனக்கு அவ்வளவு வேண்டாங்க. நியாயமா ஒரு அளவு சொன்னாப் போதும்."

அவர் முகம் மாறிவிட்டது. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

"நியாயமான அளவுங்கறது ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. நடுவுல இருக்கறது எங்க ரெண்டு பிரிவுக்கும் சொந்தமில்ல. அதுக்கு நீங்க தலைவரைத்தான் பாக்கணும்."

தலைவரின் அறையில் பெரிய ஜன்னல் இருந்தது. அதன் முன்னால், பஞ்சு வைத்துத் தைத்த அகலமான நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். நாற்காலியின் கைப்பிடிகள் அவருடைய இடுப்பில் பதிந்து, எது நாற்காலி எது தலைவர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். என் உடம்பு மேல் இருந்த அக்கறைதான் காரணம்.

"இருபது வருஷமா இந்த இடத்தை விட்டு அசையாம அசைவைப் பத்தியே யோசிச்சிட்டிருக்கேன்" என்று ஆரம்பித்தார். "முன்னாடியெல்லாம் ஜனங்க இஷ்டத்துக்கு நடந்துட்டிருந்தாங்க. கடைக்குப் போறேன்னு நடப்பான். வீட்டுல சண்டைன்னு நடப்பான். ஒரு காரணமும் இல்லாமக்கூட நடப்பான். யாரு பாத்தா? அவ்வளவு நடையும் கேப்பாரில்லாம வீணாப் போச்சு. ஆணையம் வந்தப்புறம்தான் நடக்கறவங்க எண்ணிக்கை குறைஞ்சுது. அதாவது, ஒழுங்கு வந்துச்சு."

"நான் எவ்வளவு நடக்கணும்னு..."

"அதை முடிவு பண்ண ஒரு குழு உட்கார்ந்திருக்கு. நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு. அதுவரைக்கும் உங்களுக்கு இடைக்கால உத்தரவு தர்றேன். நடக்க ஆரம்பிங்க."

"எப்ப நிக்கணும்?"

"நிக்கறது வேற பிரிவு" என்றார் தலைவர். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "பாலத்துல ஆரம்பிச்சு அந்தக் கிட்டங்கிச் சுவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க. அவ்வளவுதான் என் நாற்காலியிலேருந்து தெரியுது. ஆனா ஒண்ணு, தனியா நடக்கக் கூடாது. சாட்சியில்லாத நடை நடையே இல்ல. வீட்டுல யாரு கூட வருவாங்கன்னு வெளியில சொல்லிட்டுப் போங்க."

வெளியில் இருந்த எழுத்தர் அம்மாள் கணினியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"சாட்சி யாரு? மனைவியா?"

"அவங்க இல்லீங்க."

"எப்ப வருவாங்க?"

"இல்லீங்க. இல்ல."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "பிள்ளைங்க?"

"பொண்ணு வெளியூர்ல இருக்கா."

"நண்பர் யாராவது?"

யோசித்தேன். ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் இருந்தார். அவரும் தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு யாரும் நினைவுக்கு வரவில்லை. நான் யோசித்த நேரத்தில் கூடத்தில் உருண்டுகொண்டிருந்த இரண்டு மூன்று நாற்காலிகள் நின்றுவிட்டன.

"பக்கத்து வீட்டுக்காரங்க இருப்பாங்கல்ல?"

"அவங்க கதவு திறக்கற சத்தம் தெரியும். ஆளைத் தெரியாதுங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. மருத்துவர் என் எடையை உரக்கப் படித்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை. எழுத்தர் அம்மாள் எதையோ தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில், சாட்சிக்கு ஆளில்லாதவர்களுக்கு ஆணையமே ஒரு துணைநடை அலுவலரைக் கொடுக்கும் என்றார்.

மறுநாள் சாயங்காலம் அந்த அலுவலர் பாலத்தில் எனக்காக நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், ஒல்லியான ஆள். தேய்த்த சட்டை, கழுத்தில் ஒரு விசில். தரையைப் பார்த்தபடி விதிகளை ஒப்பித்தார்.

"நான் மூணடி பின்னால வருவேன். ஒரு விசில் அடிச்சா வேகமாப் போகணும். ரெண்டு அடிச்சா மெதுவாப் போகணும். பேசக் கூடாது, மூச்சு வீணாகும். ரொம்ப அவசரம்னா பேசலாம். அதுக்கும் முன்னாடியே அவசரம்னு சொல்லிட்டுத்தான் பேசணும். அன்பளிப்பு எதுவும் வாங்க மாட்டேன். கிளம்பலாங்களா?"

கிளம்பினோம். பாலம், பூட்டிக் கிடக்கும் சினிமாக் கொட்டகை, பாத்திரக்கடை, மரக்கடை, பிறகு சரக்கு வைக்கும் கிட்டங்கியின் நீளமான சுவர். அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் சரியாக அரை மணி நேரம் ஆயிற்று. மருத்துவர் கதவைத் தாழிட்டுவிட்டுச் சொன்ன அதே அளவு. இதற்குத்தான் ஒரு குழு உட்கார்ந்திருந்தது.

முதல் சில நாட்கள் பின்னால் கேட்ட அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போகிற திருடனைப் பார்ப்பதுபோல் தெருவில் என்னைப் பார்த்தார்கள். போகப் போக அந்தச் சத்தம் பழகிவிட்டது. வீட்டில் தனியாக இருக்கும்போது அது இல்லாதது தெரிய ஆரம்பித்தது. ஒரு மனிதர் தினமும் ஒரே நேரத்தில் எனக்காக ஒரு இடத்தில் காத்திருக்கிறார். அது அவர் உத்தியோகம்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மதியத்திலிருந்தே நான் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு சாயங்காலம் திரும்பும் வழியில் மரக்கடையைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவசரம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த மாடியில பூனை குட்டி போட்டிருக்கு" என்றார் அவர்.

நிமிர்ந்து பார்த்தேன். போட்டிருந்தது. அவர் ஒரு விசில் அடித்தார், நடந்தோம். பாத்திரக்கடை வந்ததும் நான் திரும்பாமலே சொன்னேன். "அவசரம். நேத்து இருமிட்டே வந்தீங்க. மருந்து வாங்கினீங்களா?"

"அவசரம். வாங்கிட்டேன்."

அதன் பிறகு எங்களுக்குத் தினமும் அவசரம்தான். அவசரமாக மழை வரும்போலிருந்தது. அவசரமாகச் சினிமாக் கொட்டகையின் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்து விழுந்துவிட்டிருந்தது. ஆணையம் அவரை இந்த ஊருக்கு மாற்றியிருந்தது என்றும், மனைவியும் பிள்ளைகளும் பழைய ஊரிலேயே இருக்கிறார்கள் என்றும், ஒரு விடுதி அறையில் தங்கியிருக்கிறார் என்றும் அவசரம் அவசரமாகத் தெரிந்துகொண்டேன்.

"நாள் முழுக்க யாராவது ஒருத்தர் பின்னால நடந்துட்டே இருக்கேங்க" என்றார் ஒரு நாள். "எல்லாருடைய முதுகும் அத்துப்படி. முகம்தான் ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது. அறைக்குப் போனா அங்கயும் பேச்சு கிடையாது. சில நாள் நானே சும்மா அவசரம், அவசரம்னு சொல்லிப் பாத்துக்குவேன், குரல் வருதான்னு."

நான் நடந்துகொண்டே இருந்தேன். பதிலுக்கு, யாரிடமும் சொல்லாத அந்த இரண்டு தட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அவசரம். ரெண்டையும் நீங்களேவா சாப்பிடறீங்க?"

"வேற யாரு இருக்கா?"

அவர் இரவில் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். விடுதியில் கிடைப்பது என்றார். அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்பளிப்பு வாங்கக் கூடாது என்பது விதி. விதியை மீறச் சொல்லி ஒரு அரசு ஊழியரைக் கேட்க நான் யார்? ஆனால் ஒரு பொருளைத் தொலைக்க எனக்கு உரிமை இருக்கிறது. மறுநாள் காலையிலேயே சமைத்து, இரண்டாவது தட்டுச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போய், கிட்டங்கிச் சுவரின் மேல் வைத்து மறந்துவிட்டுத் திரும்பினேன். மூன்றடி பின்னால் வந்தவர் அதைக் கண்டெடுத்தார். அடுத்த நாள் அதே சுவரின் மேல் கழுவித் துடைத்த டப்பா இருந்தது. அதை நான் கண்டெடுத்தேன். இந்தத் தொழிலில் எனக்கு அனுபவம் உண்டு. ஒரு பொருள் இவ்வளவு சீக்கிரம் உரியவரிடம் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் வீட்டுக்கு வந்து ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்தபோது வலிக்கத்தான் செய்தது. அவள் பங்கை யாருக்கோ கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். பசித்த ஒருவர் சாப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நான் அதை மூச்சு முட்டத் தின்றுகொண்டிருந்ததற்குத்தான் கோபித்திருப்பாள்.

எடை இறங்கிவிட்டது. மருத்துவர் இரண்டு முறை எடை மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்க் கதவைத் தாழிட்டார்.

"என்ன பண்ணினீங்க?"

"நீங்க சொன்ன அரை மணி நேரம்தான்."

"நான் ஒண்ணும் சொல்லல. வேற?"

"ஒரு தட்டு சாப்பாட்டைக் குறைச்சேன்."

"அப்படிச் சொல்லுங்க. நடையைவிட அதுதான் வேலை செஞ்சிருக்கு" என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அதை எங்கயும் சொல்லிடாதீங்க. சாப்பாடு வேற ஆணையம்."

ஆணையம் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தது. ஆணையத்தின் உத்தரவுப்படி நடந்து உண்மையிலேயே இளைத்தவர் நான் ஒருவன்தான் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் நாற்காலிகள் வரிசையாக உருண்டு வந்து நின்றன. குறைந்தபட்ச அதிகாரி, நான் அவருடைய எல்லைக்கு மேலேயே நடந்ததால்தான் இளைத்தேன் என்றார். அதிகபட்ச அதிகாரி, தன் எல்லைக்குக் கீழேயே நடந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன் என்றார். எல்லைகள் எவ்வளவு என்று இருவரும் சொல்லவில்லை.

தலைவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது தனி மனுஷன் வெற்றி இல்ல. அவர் நடந்தது மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியும். அவர் நடக்கறதுக்காக நாங்க எத்தனை பேரு உட்கார்ந்திருந்தோம்னு யாருக்குத் தெரியும்? இந்த வெற்றியை ஆராய இன்னொரு குழுவை உட்கார வெக்கப் போறோம். நாற்காலிகள் வந்தாச்சு."

கைதட்டல் ஓய்ந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் துணைநடை அலுவலர் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

"ஒரே ஒரு வேண்டுகோள்தாங்க" என்றேன். "அவர் தொடர்ந்து என்கூட வரணும்."

"எதுக்கு?" என்றார் தலைவர்.

"நடக்கறதுக்கு."

"நீங்கதான் இளைச்சுட்டீங்களே. இனிமே எதுக்கு நடக்கணும்? மேல மேல நடந்து இன்னும் இளைச்சுட்டீங்கன்னா எங்க புள்ளிவிவரம் கெட்டுடும். உங்களுக்கு இன்னையோட நடை முடிஞ்சுது. அவரை வேற பகுதிக்கு அனுப்பறோம்."

நான் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன். அவருக்குப் பழக்கமானவர் நான் ஒருவன்தான், எனக்கும் அவர் ஒருவர்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை நாற்காலிகளுக்கு முன்னால் வாய் வரவில்லை. ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள், நல்ல கனம்.

லிப்டுக்குள் நான் ஏறியதும் அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அவசரம்" என்றார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

பழக்க தோஷத்தில் மறுநாள் சாயங்காலம் நான் பாலத்துக்குப் போனேன். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அசைவுக் காவலர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"நடையா? சாட்சி எங்கே?"

"யாரும் இல்ல."

"அப்ப வீட்டுக்குப் போங்க. தனியா நடக்கறது குத்தம்."

வீட்டுக்குப் போனேன். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை. இரண்டு பேருக்குச் சமைத்து, இரண்டு தட்டையும் நானே சாப்பிட்டேன். முதலில் துக்கத்தில்தான் சாப்பிட்டேன், ஒளிக்க என்ன இருக்கிறது. ஒரு வாரம் போனதும் அதில் ஒரு யோசனை கலந்துகொண்டது. மறுபடி எடை கூடினால் மறுபடி அவரைக் கொடுப்பார்கள். அதன் பிறகு பசி இல்லாவிட்டாலும் விடாமல் சாப்பிட்டேன். சட்டைப் பொத்தான் இறுகியபோது என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

ஆணையத்தில் என்னை மறுபெருக்கப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

"மறுபடி பெருத்தவங்களுக்கு ஆள் கிடையாது" என்றார் எழுத்தர் அம்மாள். என் கண்ணைப் பார்க்காமல் மேசைக்கடியிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியை எடுத்தார். "இது தானியங்கித் துணை. கழுத்துல மாட்டிக்கணும். நீங்க உட்கார்ந்தா அதுவே விசில் அடிக்கும். கழட்டினா எங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"இது பேசுமா?"

"எதுக்குப் பேசணும்?"

அடுத்த நாள் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். காப்பகத்தில் நான் உட்கார்ந்ததும் பெட்டி ஓங்கி விசில் அடித்தது. வெளியே நின்றுகொண்டிருந்த பேருந்தின் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். நடத்துநர் டீயைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். ஆணையத்தின் கருவியால் அன்று உடற்பயிற்சி செய்தவர் அவர் ஒருவர்தான். மூன்று பேருந்துகள் இப்படிப் பாதிப் பயணிகளோடு போன பிறகு நிலைய மேலாளர் வந்து, ஒன்று நான் பெட்டியைக் கழற்ற வேண்டும், அல்லது உட்காரக் கூடாது என்றார். கழற்றக் கூடாது என்பது ஆணையத்தின் உத்தரவு. அதனால் நாள் முழுவதும் குடைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டிலும் நின்றுகொண்டே இரண்டு தட்டையும் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் பேசும்போது அசந்து உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா விசில் சத்தம்? கூட யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா" என்றேன். அதுவும் பொய் இல்லை.

அதற்கடுத்த ஒரு சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே யாரோ வந்து நின்றார்கள். நான் ஒற்றைச் செருப்புகளைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"அவசரம்" என்றது குரல்.

நிமிர்ந்தேன். தேய்த்த சட்டை போட்டிருந்தார். கழுத்தில் விசில் இல்லை, வேலை நேரம் முடிந்திருந்தது. அவர் என் எதிரில் நிற்பது எனக்கு வினோதமாக இருந்தது. இவ்வளவு நாள் பழகியும், அவருக்குப் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"ஒரு குடை காணாமப் போச்சுங்க" என்றார்.

நாற்காலியில் உட்காரப் போனவன் விசில் ஞாபகம் வந்து நின்றுகொண்டேன். முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எங்க தொலைச்சீங்க?"

"சரியாத் தெரியல. பாலத்துலேருந்து கிட்டங்கிச் சுவர் வரைக்கும், அங்க எங்கயோ."

"என்ன நிறம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்களே ஏதாவது போட்டுக்குங்க" என்றார். பிறகு குனிந்து ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். "சாப்பாட்டு டப்பா ஒண்ணும் சேர்த்துக் காணோம். உங்க விதிப்படி நீங்க கூட வந்து தேடணும்னு நடத்துநர் ஒருத்தர் சொன்னாரு. வருவீங்களா?"

ஜன்னலைச் சாத்தினேன். அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் வீட்டுக்குள் ஓடி, சமைத்து வைத்திருந்த இரண்டாவது தட்டுச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

பாலத்தில் காவலர் கையை நீட்டினார்.

"நடையா?"

"இல்லீங்க, தேடறோம்" என்றேன். "இவர் குடையைத் தொலைச்சுட்டாரு. நான் காப்பகத்துக் காப்பாளர்."

காவலர் வெகு நேரம் யோசித்தார். தேடுவது அவருடைய பிரிவில் வரவில்லை. கடைசியில், இருபது வருடத்தில் முதல் தடவையோ என்னவோ, எழுந்து தன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார். "இங்க இல்ல. அந்தப் பக்கம் பாருங்க" என்று வழிவிட்டார்.

தேடுகிறவர்கள் மூன்றடி தள்ளி வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் போனோம். தெருவின் அந்தப் பக்கத்தை அவர் பார்த்தார், இந்தப் பக்கத்தை நான் பார்த்தேன். பூனைக்குட்டிகள் பெரிதாகியிருந்தன. லிப்டில் அன்று என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன். அதற்கு அவர் கிட்டங்கிச் சுவர் வரும்வரை பதில் சொல்லிக்கொண்டே வந்தார், ஒரு தடவைகூட அவசரம் என்று சொல்லாமல். சுவரின் மேல் நான் டப்பாவை மறந்து வைத்தேன். அவர் அதைக் கண்டெடுத்தார்.

அரை மணி நேரம் தேடினோம். குடை கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை தேட வேண்டும் என்பது விதி, நாளைக்கும் போகிறோம்.